பாசிக்குடாவில் மூன்று இரவு: ஆல் இன்க்ளூசிவ் எடுக்கலாமா?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் ஆசிரியையாக இருக்கிறேன். கனடாவிலிருந்து அக்கா, அத்தான், அவர்களின் இரண்டு பெண் பிள்ளைகள் (14, 9 வயது) இந்த ஆடியில் வருகிறார்கள். ஆடி அமாவாசை மாமாங்கத் தீர்த்தம் முடிந்த கையோடு எல்லோருமாகப் பாசிக்குடாவில் மூன்று இரவு தங்க யோசித்திருக்கிறோம். எங்கள் பக்கம் நான், கணவர், 6 வயது மகள், 68 வயது அம்மா. அம்மாவுக்குச் சீனி வருத்தம். குளிசையோடு இரவில் இன்சுலினும் போடுகிறார். மூன்று அறை எடுக்க வேண்டும். மூன்றாவது அறையில் அம்மாவும் அக்காவின் மூத்த மகளும் தங்குவார்கள். விலை குறைவு என்று சொல்லப்படும் ஒரு ஹோட்டலில், இருவர் தங்கும் அறைக்கு ஒரு இரவுக்கு ஆல் இன்க்ளூசிவ் (மூன்று வேளைச் சாப்பாடும் குடிவகையும் சேர்ந்தது) 46,000 ரூபா, ஹாஃப் போர்ட் 33,000 ரூபா என்றார்கள். இரண்டும் ‘பிளஸ் பிளஸ்’. எங்களில் அத்தான் மட்டும் பின்னேரத்தில் ஒன்றிரண்டு பியர் எடுப்பார். தீர்த்தம் முடிந்து சில நாள் அம்மாவும் நானும் மச்சம் (மீன், இறைச்சி, முட்டை) சாப்பிட மாட்டோம். அயல் வீட்டார் போன வருடம் இப்படியொரு இடத்துக்குப் போய் வந்து மூன்று நாள் வயிற்றோட்டத்தில் கிடந்தார்கள். எதை எடுப்பது? பிள்ளைகளுக்கு அந்தக் கடல் பயமில்லையா?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

மூன்று அறைக்கும் ஹாஃப் போர்ட் எடுங்கள். காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் அதில் வந்துவிடும். பகலை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

‘பிளஸ் பிளஸ்’ என்றால் சொன்ன விலைக்கு மேல் 10 வீதம் சேவைக் கட்டணமும் 18 வீதம் வற் வரியும் வரும். சில இடங்களில் வேறு சிறு வரியும் தனியாக ஏறும். கூட்டும் முறையைப் பொறுத்து 28 முதல் 30 வீதம் வரை கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 29 என்று எடுத்தால் 46,000 ஏறக்குறைய 59,300 ஆகிறது, 33,000 ஏறக்குறைய 42,600 ஆகிறது. ஒரு அறைக்கு ஒரு இரவுக்கு வித்தியாசம் 16,700 ரூபா. மூன்று அறை, மூன்று இரவு என்று பெருக்கினால் ஒன்றரை லட்சம். இந்தக் காசுக்கு மேலதிகமாகக் கிடைப்பது பகல் சாப்பாடு, பின்னேரத் தேநீரும் கடியும், குடிவகை, இவ்வளவுதான். அதே ஹோட்டலில் பகல் பஃபே தனியாக எடுத்தால் ஆளுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். அதை இரண்டால் பெருக்கி 16,700 இலிருந்து கழியுங்கள். மிச்சம் வருவதுதான் அந்த அறையிலுள்ள இருவரின் குடிவகைக்கும் தேநீருக்கும் நீங்கள் கொடுக்கும் விலை. அம்மாவும் 14 வயதுப் பிள்ளையும் படுக்கிற அறைக்கு இந்தக் காசைக் கொடுப்பதில் ஒரு நியாயமும் இல்லை. ஒரு அறையில் இருக்கும் இரண்டு பெரியவர்களும் பகல் முழுவதும் நீச்சல் தடாகத்தடியில் இருந்து ஆளுக்கு நாலைந்து கிளாஸ் எடுப்பார்கள் என்றால்தான் ஆல் இன்க்ளூசிவ் கட்டுப்படியாகும்.

அத்தானுக்கு மட்டும் அதை எடுக்க முடியாதா என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் விடமாட்டார்கள். ஒரே அறையில் இருப்பவர்கள் ஒரே திட்டத்தில்தான் இருக்க வேண்டும் என்பது வழமையான விதி, ஏனென்றால் ஒருவர் வாங்கிய கிளாஸ் இன்னொருவர் கைக்குப் போகும். அதற்காகத்தான் கையில் நிறப்பட்டி கட்டுகிறார்கள். அத்தானின் பியரை அன்றன்றைக்குக் காசு கொடுத்து வாங்குங்கள். போயா (பௌர்ணமி) நாளில் நாடு முழுவதும் மது விற்பனை இல்லை, ஹோட்டல் பாரும் மூடியிருக்கும், ஆனால் ஆல் இன்க்ளூசிவ் விலையில் ஒரு சதமும் குறைக்க மாட்டார்கள். நீங்கள் ஆடி அமாவாசைக்கு அடுத்த நாட்களில் போவதால் போயா குறுக்கிடாது. பயணம் இரண்டு கிழமை தள்ளிப்போனால் கலண்டரைப் பாருங்கள்.

விலை குறைந்த இடங்களில் ‘எல்லாம்’ என்ற சொல்லுக்கு எல்லை உண்டு. குடிவகை என்றால் உள்ளூர் பியர், சாராயம், உள்ளூர் ஜின், ரம். அதுவும் காலை பத்து பதினொரு மணியிலிருந்து இரவு பத்து பதினொரு மணி வரைதான், ஒரு தடவைக்கு ஒரு கிளாஸ்தான். ஜூஸ் என்றால் பெரும்பாலும் போத்தல் கோர்டியல் கரைத்தது. பழத்தைப் பிழிந்து தருவதும் செவ்விளநீரும் தனிக் காசு. நண்டு, பெரிய இறால், சிங்க இறால், மெசின் கோப்பி, அறையிலுள்ள சின்னக் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருப்பவை, படகு, உடுப்புக் கழுவுவது எல்லாம் வெளியே. திட்டம் அறை கொடுக்கும் நேரத்தில் தொடங்கும். பிற்பகல் இரண்டு மணிக்கு அறை கிடைத்து, இரண்டரைக்குப் பகல் பஃபே மூடினால் முதல்நாள் பகல் சாப்பாடு போய்விட்டது. கடைசி நாள் பன்னிரண்டு மணிக்கு அறையை விட்டால் அன்றைய பகலும் இல்லை. மூன்று நாள் என்று நினைத்துக் காசு கட்டியவர் உண்மையில் இரண்டு பகல்தான் சாப்பிடுகிறார்.

ஹாஃப் போர்டிலும் ஒரு பொறி இருக்கிறது, அது தண்ணீர். இரவுச் சாப்பாட்டு மேசையில் திறந்து வைக்கும் போத்தல் பில்லில் ஏறும். எட்டுப் பேர், மூன்று இரவு, இந்தக் கோடை என்றால் அது சின்னத் தொகையல்ல. அறைக்கு நாளொன்றுக்கு எத்தனை போத்தல் இலவசம், மேசைத் தண்ணீருக்குக் காசா என்று முதலே கேளுங்கள். வாழைச்சேனையில் ஐந்து லீற்றர் போத்தல்களாக வாங்கி அறையில் வைத்துவிடுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம். கரையோரத்து நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்.

அக்கா குடும்பத்தின் கடவுச்சீட்டு விஷயத்தை இப்போதே தீர்த்துவிடுங்கள். 33,000 என்பது உள்நாட்டவர் விலையாக இருக்கும். கனடாக் கடவுச்சீட்டு நீட்டினால் வரவேற்பு மேசையில் டொலர் விலைக்கு மாறிவிடும், அந்த இடத்தில் நின்று பேசிப் பலனில்லை. அக்காவுக்கோ அத்தானுக்கோ இரட்டைக் குடியுரிமையோ இலங்கை அடையாள அட்டையோ இருந்தால் அதைக் கையில் வைத்திருக்கட்டும். அறைக்கு ஒருவர் உள்நாட்டவராக இருந்தால் போதுமா, எல்லோருமே இருக்க வேண்டுமா என்பது ஹோட்டலுக்கு ஹோட்டல் வேறு. பிள்ளைகளின் வயதும் அப்படித்தான். 12 வயதுக்கு மேல் பெரிய ஆள் கணக்கு, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரைக் கணக்கு, ஆறுக்குக் கீழ் இலவசம் என்பது பரவலான முறை. உங்கள் மகள் சரியாக அந்தக் கோட்டில் நிற்கிறாள். ‘ஆறு வயது வரை’ என்பதா, ‘ஆறு வயதுக்குக் கீழ்’ என்பதா என்று எழுத்தில் வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதி ஒன்று பைக்குள் இருக்கட்டும்.

அம்மாவின் விஷயம் விலையைவிட முக்கியம். களுவாஞ்சிக்குடி வீட்டில் ஏழு மணிக்குச் சாப்பிட்டுப் பழகியவருக்கு ஹோட்டலில் ஏழரைக்குத்தான் பஃபே திறக்கும், சில நாள் எட்டாகும். சாப்பாடு வரும் என்று நம்பி ஊசியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் சீனி சடுதியாக இறங்கும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தால் பலர் அதை வெயில் களைப்பு என்று நினைத்துப் படுக்க வைத்துவிடுகிறார்கள். எந்த இன்சுலின், சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரத்துக்கு முன், நேரம் பிந்தினால் என்ன செய்வது என்பதைப் புறப்படுமுன் கிளினிக்கில் கேட்டு எழுதி வாங்குங்கள். சாப்பாட்டோடு சேர்த்துப் போடும் வகையென்றால் கோப்பை கண்ணுக்கு முன் வந்த பிறகுதான் ஊசி. குளுக்கோஸும் பிஸ்கட்டும் கைப்பையில் எப்போதும் இருக்க வேண்டும்.

இன்சுலினை எங்கே வைப்பது? அறைக் குளிர்சாதனப் பெட்டியை நம்பாதீர்கள். கதவுத் திறப்பு அட்டையைச் சுவரிலிருந்து எடுத்ததும் பல ஹோட்டல்களில் அறை மின்சாரம் முழுவதும் நின்றுவிடும், பெட்டியும் நின்றுவிடும். நீங்கள் கடலுக்குப் போன நான்கு மணி நேரமும் அறை வெக்கையாகக் கிடக்கும். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் வேண்டும், உறையவும் கூடாது. பெயர் எழுதிய டப்பாவில் போட்டுச் சமையலறைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கும்படி வரவேற்பில் கொடுங்கள்; உறைவிப்பானில் வைக்க வேண்டாம் என்று வாயால் சொல்லுங்கள். பாவனையில் இருக்கும் குப்பியை வெயில் படாமல் ஈரத்துணி சுற்றிய சின்ன மண்முட்டியில் வைத்தால் மூன்று நாளுக்குப் போதும். காரின் டாஷ்போர்டில் மட்டும் வைக்க வேண்டாம்.

கால்களையும் பாருங்கள். நீண்டகாலச் சீனி வருத்தக்காரருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். பதினொரு மணி மணலில் வெறுங்காலோடு நடந்தால் சுடுவது தெரியாது, பின்னேரம் பார்த்தால் கொப்புளம். பாசிக்குடாவில் உடைந்த முருகைக்கல் துண்டுகளும் கரையொதுங்கும். தண்ணீருக்குள்ளும் கழன்று போகாத, பின்பட்டி உள்ள செருப்பு போடட்டும். இரவில் விரலிடுக்குகளைத் துடைத்து வெட்டு, சிவப்பு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அறை கீழ்த்தளத்தில், சாப்பாட்டு மண்டபத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும் என்று பதிவின்போதே சொல்லுங்கள். கடல் தெரியும் மேல்மாடி அறையை அக்காவுக்குக் கொடுங்கள்.

மச்சம் இல்லாத சாப்பாடு கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் இல்லை. பஃபேயில் மரக்கறி என்று வைத்திருக்கும் சம்பலில் மாசிக் கருவாடு இருக்கும், மல்லுங்கில் மாசித் தூள் இருக்கும், சூப் கோழிச் சாற்றில் கொதித்திருக்கும், மீன் கறிக்குப் போட்ட அகப்பையே பருப்புக்கும் போகும். முதல்நாள் பின்னேரமே சமையல்காரரைச் சந்தித்து, ‘இரண்டு பேருக்கு மாசி, கருவாடு, முட்டை இல்லாமல்; வேறு சட்டி, வேறு அகப்பை’ என்று சொல்லுங்கள். சின்ன ஹோட்டல்களில் இதை மனமுவந்து செய்வார்கள், ஊர்ப் பிள்ளைகள்தான் அங்கே வேலை செய்கிறார்கள். அம்மாவின் கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி பருப்பு அல்லது கடலை, கால்வாசி மட்டும் சோறோ இடியப்பமோ. குரக்கன் பிட்டு கேட்டால் சில இடங்களில் அவித்துத் தருவார்கள். பழம் நல்லது என்று பெரிய கோப்பை நிறைய அன்னாசியும் மாம்பழமும் எடுப்பதுதான் அடுத்தநாள் காலைச் சோதனையில் தெரியும்.

இனி உங்கள் அயலவரின் வயிற்றோட்டம். விலை குறைந்த ஹோட்டலில் ஆபத்து எங்கே என்றால், ஆள் குறைந்த இரவில் போடும் பஃபேயில். பதினைந்து பேருக்கு முப்பது வகை வைத்தால் ஒவ்வொன்றும் மணிக்கணக்கில் கிடக்கும். சமைத்த சாப்பாடு 60 பாகைக்கு மேல் சூடாகவோ 5 பாகைக்குக் கீழ் குளிராகவோ இருக்க வேண்டும். இடையிலுள்ள இளஞ்சூட்டில்தான் கிருமி பெருகும். சட்டி மூடியைத் தூக்கும்போது முகத்தில் ஆவி அடிக்க வேண்டும். கீழே சுடர் அணைந்திருந்தால் அந்தச் சட்டியை விடுங்கள். திறந்த முதல் அரை மணி நேரத்தில் சாப்பிட்டுவிடுவது ஆபத்தைக் குறைக்கும். இன்று எத்தனை அறை நிரம்பியிருக்கிறது என்று கேளுங்கள். நாலைந்து அறைதான் என்றால், ‘பஃபே வேண்டாம், எங்களுக்கு ஆறு கறி சுடச்சுடச் சமைத்துத் தாருங்கள்’ என்று சொன்னால் சமையலறைக்கும் அது இலகு. கண்ணுக்கு முன் சுடுகிற அப்பம், கொத்து, முட்டைப் பொரியல் பயமில்லாதவை. மயோனைஸ் போட்ட சலாது, காலையிலிருந்து வெட்டி வைத்த பழம், நேற்றைய சோற்றில் வதக்கிய ‘ஃபிரைட் ரைஸ்’ மூன்றையும் தவிருங்கள். சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமி விடும் நஞ்சு மறுபடி வதக்கினாலும் போகாது.

மீனிலும் அப்படி ஒன்று உண்டு. சூரை போன்ற மீன் பிடித்த பிறகு ஐஸ் இல்லாமல் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் சேரும், சமைத்தாலும் அழியாது. சாப்பிடும்போது நாக்கில் மிளகு போல் சுள்ளென்று உறைத்தால் உடனே நிறுத்துங்கள். முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு கடித்தால் அதுதான். மூச்சு முட்டினால் தாமதிக்காமல் வைத்தியசாலை. கனடாப் பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ‘இங்கத்தைய உறைப்பு இப்படித்தான்’ என்று நினைத்து விழுங்கிவிடுவார்கள்.

சாப்பிடுமுன் சவர்க்காரத்தால் கை கழுவுவது கட்டாயம். பிள்ளைகள் கொண்டுவரும் கைச்சுத்த ஜெல் எல்லா வயிற்றுக் கிருமிக்கும் போதாது. வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புத் தூள் ஐந்தாறு பைக்கற் வாங்கி வையுங்கள். ஒரு பைக்கற்றுக்குச் சரியாக ஒரு லீற்றர் கொதித்தாறிய நீர், கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அரைக் கிளாஸில் கொஞ்சம் தூளைப் போட்டுக் கலக்கிக் கொடுக்காதீர்கள், உப்பு கூடிவிடும். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், பிள்ளை ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் சோர்ந்து கிடப்பது, இதில் எது என்றாலும் வாழைச்சேனை ஆதார வைத்தியசாலை கிட்டத்தில் இருக்கிறது. அம்பியுலன்ஸுக்கு 1990. அம்மாவுக்கு வயிற்றோட்டம் தொடங்கினால் காத்திருக்கவே வேண்டாம். சாப்பாடு நிற்கும், மருந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும், அது கூடாத சேர்க்கை.

கடல் பற்றிக் கேட்டீர்கள். ஆடியில் பாசிக்குடா குடாவில் அலை பெரிதாக இல்லை, கனதூரம் இடுப்பளவுத் தண்ணீர்தான். 6 வயதுப் பிள்ளைக்குக் கிழக்கில் இதைவிட நல்ல கடல் அரிது. ஆனால் அந்த அமைதியில்தான் பெற்றோர் ஏமாறுகிறார்கள். ஆடியில் அடிப்பது கச்சான் காற்று, தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் கண்ணாடி போல் இருக்கும், ஆனால் காற்றடைத்த டியூப்பிலோ மிதவைப் படுக்கையிலோ இருக்கும் பிள்ளையை அது சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போகும். இறங்கிப் பிடிக்கப் போகும் பெரியவரைவிட மிதவை வேகமாகப் போகும். ஆகையால் காற்றடைத்த எந்த விளையாட்டுப் பொருளையும் கடலுக்குள் கொண்டுபோக வேண்டாம்; நீச்சல் தடாகத்தோடு நிற்கட்டும். அப்படி ஏதாவது தள்ளிக்கொண்டு போனால் பொருளை விட்டுவிடுங்கள். உடம்போடு பட்டி பூட்டிய உயிர்காப்பு அங்கி வேறு, அது போடலாம். சின்னவள் எப்போதும் ஒரு பெரியவரின் கைக்கெட்டும் தூரத்தில். ‘எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்றால் ஒருவரும் பார்க்கவில்லை. அரை மணிக்கு ஒருவர் என்று பெயர் சொல்லி முறை வையுங்கள், அவர் கையில் போன் இருக்கக் கூடாது. பியர் எடுத்த பிறகு அத்தான் கடலில் இறங்குவதில்லை, முறைக்கும் நிற்பதில்லை.

காலை ஆறரை முதல் ஒன்பதரை வரையும் பின்னேரம் நாலுக்குப் பிறகும் குளியுங்கள். மோட்டார் படகு ஓடும் பக்கத்தை விட்டு விலகி நில்லுங்கள். பக்கத்துக் கல்குடாக் கடற்கரை ஆளில்லாமல் அழகாக இருக்கும், நடக்கப் போங்கள். அது திறந்த கடல், ஆழமும் நீரோட்டமும் வேறு, பிள்ளைகளை இறக்க வேண்டாம். அறுகம்பேயைப் பற்றி அக்கா கேட்டால், ஆடி அங்கே அலைச்சறுக்குக் காலம். சின்னப் பிள்ளையும் அம்மாவும் உள்ள இந்தப் பயணத்துக்கு அது பொருந்தாது.

பகலுக்கு ஒருநாள் வாழைச்சேனையில் சோறு, ஒருநாள் ஹோட்டலிலேயே காலையில் சொல்லிவைத்து மத்தியானம் இரண்டு மூன்று கறியோடு, அவ்வளவு போதும். பதிவுக்கு முன் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு உள்ள இடமா என்று பாருங்கள். பிறகு வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி அனுப்பி, பதில் எழுத்தில் வந்த பிறகே முற்பணம் கட்டுங்கள்:

‘மூன்று அறை, மூன்று இரவு, ஹாஃப் போர்ட். எல்லா வரியும் சேவைக் கட்டணமும் சேர்த்து மொத்தம் எத்தனை ரூபா? கனடாக் கடவுச்சீட்டு உள்ள நால்வருக்கும் இதே விலையா? 14, 9, 6 வயதுப் பிள்ளைகளுக்கு என்ன கணக்கு? மேலதிகக் கட்டிலுக்குக் காசா? மேசைத் தண்ணீர் சேர்ந்ததா? இரண்டு பேருக்கு மாசி, முட்டை இல்லாத மரக்கறிச் சாப்பாடு வேண்டும். ஒரு அறை கீழ்த்தளத்தில் வேண்டும். இன்சுலின் வைக்கக் குளிர்சாதன வசதி வேண்டும். பயணத்தைத் தள்ளினால் முற்பணம் என்னவாகும்?’

கடைசி இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பில்லை ஒருமுறை அச்சடித்துக் கேளுங்கள். காலையில் பிள்ளைகளும் பைகளும் வாசலில் நிற்கும்போது வரி வரியாகப் பார்க்க முடியாது. குடிக்காத பியரும் திறக்காத தண்ணீர்ப் போத்தலும் ஏறியிருந்தால் இரவே வெட்டிவிடலாம். எழுத்தில் சொன்ன விலைக்கு மேல் கேட்டு ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த வாட்ஸ்அப் செய்தியைக் காட்டுங்கள், பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம்.